பூமிக்குள் வழி தேடும் துளைமுனை

லாரிக்கு டீசல் ஊற்றுகிறோம். அது பூமிக்குள்ளிருந்து எவ்வழியாக மேலே வந்தது என்று யோசிப்பதில்லை. எண்ணெய்க் கிணறு என்றால் நேர் கீழாகத் தோண்டுவது என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். சரவாக்கில், மிரி நகரத்துக் கனடா குன்றில் 1910ல் ஷெல் கம்பெனியார் இறக்கிய முதற் கிணறு அவ்விதமானதே. 1972 வரை அது எண்ணெய் தந்தது.

பிறகு தொழில் கடலுக்குள் இறங்கிற்று. கடலில் கிணற்றுக்கொரு மேடை கட்டினால் கட்டுபடியாகுமா? ஆகவே ஒரே மேடையிலிருந்து பல கிணறுகளை நாலா பக்கமும் சாய்த்துத் துளைக்கிறார்கள். இங்கிலாந்தின் விட்ச் பார்மில் 1999ல் கரையிலிருந்து துளைத்த ஒரு கிணறு, கடலடியில் பக்கவாட்டாக 10 கிலோமீட்டருக்கு மேல் சென்றது. பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் உள்ள தூரத்தில் இது சுமார் மூன்றிலொரு பங்கு!

முன்பெல்லாம் துளைமுனைக்குப் பின்னால் சற்று வளைந்த மோட்டாரைப் பொருத்தி, திரும்ப வேண்டிய இடத்தில் குழாய் சுழல்வதை நிறுத்தி, அப்படியே தள்ளுவார்கள். குழாய் துளையின் சுவரில் உராய்ந்து சிக்கும், வேலை தாமதமாகும். துளைக்கும் யந்திரத்துக்கோ நாள் கணக்கில் வாடகை. 1990களில் வந்த கருவி, குழாய் சுழன்றுகொண்டிருக்கும்போதே திருப்புகிறது. முனையருகே உள்ள சிறு இரும்புப் பட்டைகள், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பக்கம் வரும்போது வெளியே நீண்டு சுவரை அழுத்துகின்றன. முனை எதிர்ப்பக்கம் நகர்கிறது. எந்தக் கணத்தில் நீள்வது என்பதைக் கருவியே கணக்கிடுகிறது. தான் இருக்கும் நிலையை, குழாய்க்குள் ஓடும் சேற்றுநீரில் அழுத்தத் துடிப்புகளாக எழுப்பி மேலே தெரிவிக்கிறது.

கண்ணில்லாத இருளில் அதற்குத் திசை எப்படித் தெரியும்? புவியீர்ப்பைக் கொண்டு சாய்வையும், பூமியின் காந்தத்தைக் கொண்டு திசையையும் அறிகிறது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இரும்புத் தராசின் அருகே திசைகாட்டியை வைத்துப் பாருங்கள், முள் பொய் சொல்லும். பக்கத்துக் கிணறுகளின் எஃகுக் குழாய்களும் இக்கருவியை அவ்வாறே ஏமாற்றும். ஒரு டிகிரி பிசகினால் 10 கிலோமீட்டரில் 175 மீட்டர் விலகும். எண்ணெய்ப் படுகையோ சில இடங்களில் சில மீட்டர் கனமே. எண்ணெய் தந்துகொண்டிருக்கும் கிணற்றை முட்டித் துளைத்துவிட்டால், வாயு பீறிட்டு மேடையிலுள்ளோர் உயிருக்கே ஆபத்தாகும்.

கொடுத்த கோணத்தைக் கருவி பிசகாமல் பிடிக்கும். கோணமே தவறானாலும் அப்படித்தான். அதனால் கிணறுகள் நெருங்கியுள்ள இடத்தில், காந்தத்தை நம்பாத கைரோஸ்கோப்பைக் குழாய்க்குள் இறக்கித் திசையை மறுபடி அளந்து, கணக்குச் சரியென்று பொறியாளர் ஒப்புக்கொண்ட பின்னரே மேற்கொண்டு துளைக்கிறார்கள்.