டார்கெட்டுக்குக் கைக்காசு போடும் பிள்ளைகள்



கர்ள் ஹஸனா கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருபவர்கள் மருத்துவம், படிப்பு, கடை முதலீடு என்றுதான் பெரும்பாலும் காரணம் சொல்வார்கள். சில மாதங்களுக்கு முன் கீழ்பென்னாத்தூர் இளைஞர் ஒருவர் ஜும்ஆ முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து 18,000 ரூபாய் கேட்டார். பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் இன்சூரன்ஸ் விற்கும் வேலை, மாதச் சம்பளம் 22,000. எதற்குப் பணம் என்று கேட்டோம். மாதக் கடைசியில் டார்கெட் எட்டவில்லை. இரண்டு பேர் பெயரில் பாலிசி போட்டு, முதல் பிரீமியத்தைக் கைமாற்று வாங்கித் தாமே கட்டிவிட்டாராம். முந்தைய மாதமும் அப்படித்தான்.

இன்சூரன்ஸ் கூடுமா என்ற மார்க்கக் கேள்வியை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறோம். இங்கிருந்து சென்னைக்கும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகும் பட்டதாரிப் பிள்ளைகள் பலருக்கு முதலில் கிடைப்பது விற்பனை வேலைதான். அது உள்ளே எப்படி நடக்கிறது என்பதை வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

விற்பது இழிவான தொழில் அல்ல. சைக்கிளில் துணி மூட்டை கட்டி ஊர் ஊராக விற்ற பெரியவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கும் விற்காத நாள் இருந்தது. அன்று வீட்டில் கஞ்சி, அவ்வளவுதான். நாற்பது பேர் முன்னால் நிறுத்தி அவர்களை யாரும் திட்டவில்லை. இன்றைய டார்கெட் தலைமை அலுவலகத்தில் பிறக்கிறது. மண்டல மேலாளர் தன் பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட்டிக் கீழே தள்ளுகிறார். கிளை மேலாளர் இன்னும் கொஞ்சம் கூட்டுகிறார். பைக்கில் அலையும் பையனிடம் வந்து சேரும்போது அது விற்கவே முடியாத எண்ணாகிவிடுகிறது. காலையில் மீட்டிங், மணிக்கொரு முறை வாட்ஸ்அப்பில் கணக்கு, லைவ் லொகேஷன், இரவு பத்து மணிக்கு மறுபடி போன்.

2023 ஜூனில் கொல்கத்தாவில் எச்டிஎஃப்சி வங்கி அதிகாரி ஒருவர் ஆன்லைன் கூட்டத்தில் ஊழியர்களைக் கத்தித் திட்டும் வீடியோ நாடெங்கும் பரவியது. வங்கி அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. வீடியோ வெளியே வந்ததால் அந்த நடவடிக்கை; வெளியே வராத கூட்டங்களுக்கு?

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுக் கணக்கு அல்லது சேவை விற்க வேண்டும் என்று நெருக்கினார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் விஷயம் வெடித்தபோது வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம். ஆனால் அதற்குள் சுமார் 5,300 ஊழியர்கள் வேலை இழந்திருந்தார்கள். தலைவருக்கு வங்கித் துறையில் நுழையத் தடை வந்தது 2020இல்தான். முதலில் வெட்டப்படுவது அடியில் இருப்பவன் கழுத்து.

நம் இளைஞர் செய்ததும் அதே வகை. பிரீமியத்தில் சலுகை கொடுத்து ஆள் பிடிப்பதை 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41வது பிரிவு தடுக்கிறது. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை. மேலாளர் வாயால்தான் சொல்லியிருப்பார். கையெழுத்து பையனுடையது.

தானியக் குவியலைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் உள்ளே கைவிட்டு, ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட நிகழ்ச்சி நாம் அறிந்ததே. ஃபிக்ஸட் டெபாசிட் போட வந்த மூதாட்டியிடம் பத்து வருடப் பாலிசியில் கையெழுத்து வாங்குவதும் ஈரத்தை அடியில் மறைப்பதுதான். அப்படி ஏமாந்தவர்கள் பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். செலவுக்கான சிறு பிடித்தம் போக மீதிப் பணம் திரும்ப வரும்.

அந்த இளைஞர் கேட்ட கடனை நாங்கள் கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்த மாத டார்கெட்டுக்கும் நாங்களே கட்டுவதாகிவிடும். இரண்டு மாத வீட்டுச் செலவுக்குத் தருகிறோம், ராஜினாமா எழுதுங்கள் என்றோம். அவர் சம்மதித்தார், தந்தை சம்மதிக்கவில்லை. மகளுக்கு நிக்காஹ் பேசும் நேரத்தில் மகன் வேலையில்லாமல் இருப்பதா என்பது அவர் கவலை. அது நியாயமான கவலைதான். நாங்கள் வாதாடவில்லை, மேலாளர் அனுப்பிய குரல் செய்திகளைக் கேட்கச் சொன்னோம். மூன்றாவது செய்தியில் பையனின் தாயைப் பழித்து ஒரு வார்த்தை வந்தது. அவர் போனை வாங்கி அணைத்துவிட்டு, எப்போது எழுத வேண்டும் என்று கேட்டார்.

இப்படி இருப்பவர்கள் கோபத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடக் கூடாது. ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். திட்டிய செய்திகளை அழிக்காதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்கு 2 வேலை நாட்களுக்குள் சம்பள பாக்கியைக் கொடுக்க வேண்டும். புதிதாகச் சேருபவர்கள் பாண்டில் கையெழுத்திடும் முன் படித்துப் பாருங்கள். பாண்டெல்லாம் சும்மா என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு பொதுத்துறை வங்கியின் 2 லட்சம் ரூபாய் பாண்டு செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2025 மே மாதம் தீர்ப்பளித்துள்ளது. அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள்.

தூக்கம் கெட்டு, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரை போனவர்கள் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் பேசலாம். நம் அலுவலகத்துக்கு வருபவர்கள் ஆஃபர் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கையெழுத்திட்ட பாண்டு இருந்தால் அதன் நகல் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரையும்.