தாதிமாரின் களைப்பும் நோயாளியின் உயிரும்

ஆஸ்பத்திரி வாட்டில் இருந்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் பலர் சொல்வது ஒன்றுதான்: "மிஸ்ஸி எரிஞ்சு விழுந்தாங்க." குணம் சரியில்லை என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். இதில் நாம் அறிய வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

பாரம் கூடினால் என்ன நடக்கும்?

மழையில் நாள் முழுக்க நின்று கொழுந்து பறித்தால், பின்னேரத்தில் கை தன்பாட்டுக்கு முற்றல் இலையையும் பறித்துவிடும். அது சோம்பல் அல்ல, களைப்பு. தாதி வேலையிலும் இப்படியே. ஆனால் அங்கே தவறுவது இலை அல்ல, மருந்து.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளை லின்டா எய்க்கன் குழுவினர் ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடும்போது, சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் ஆபத்து 7 வீதம் கூடியிருந்தது. தாதி மனம் சோர்ந்துபோகும் ஆபத்தோ 23 வீதம் கூடியிருந்தது. கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகள்தான் என்ற சட்டம் 2004 முதல் நடைமுறைக்கு வந்தது.

அடையாளங்கள் மூன்று

1. உடம்பும் மனமும் வற்றிப்போகும்.
2. நோயாளி ஓர் ஆளாகத் தெரியாமல் கட்டில் நம்பராகத் தெரிவார்.
3. "நான் செய்து என்ன பிரயோசனம்?" என்ற எண்ணம் வரும்.

இது வேலையால் வருவது என்று உலக சுகாதார நிறுவனமும் 2019இல் ஏற்றுக்கொண்டது. பெண்களுக்கு இன்னொரு பாரமும் உண்டு. இரவு வேலை முடிந்து போனால், வீட்டில் அடுப்பு காத்திருக்கும். இந்தக் கஷ்டம் நம் தாய்மாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதற்காக ஏச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டாம். வாட்டுப் பொறுப்பாளரிடம் மரியாதையாக முறையிடுங்கள். "ஆள் போதாது" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

* கிளினிக் கொப்பியையும் குடிக்கும் மருந்துகளையும் கையோடு கொண்டு போங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.
* மருந்து பங்கிடும் நேரத்தில் அவசரம் இல்லாவிட்டால் தாதியைக் கூப்பிட வேண்டாம்.
* ஊசி போடுமுன் நோயாளியின் பெயரைச் சொல்லுங்கள். எதற்கு ஊசி என்று கேட்பதும் உங்கள் உரிமை.
* வீட்டில் மகளோ மருமகளோ தாதியாக இருந்தால், இரவு வேலை முடிந்து வந்ததும் தூங்க விடுங்கள். தண்ணீர் எடுப்பதையும் சமையலையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

அவள் தூங்கும் அந்த நாலைந்து மணித்தியாலம், அன்றிரவு யாரோ ஒரு நோயாளியைக் காப்பாற்றும்.