ஆட்டிசம்: பிளஸ் டூவுக்குப் பிறகும் இருக்கிறது

ஏப்ரல் 2, உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். அன்று மேடைகளில் பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றித்தான் பேச்சு. அந்தக் குழந்தைகளுக்கு மீசை முளைத்த பிறகு, கல்லூரி வாசலில் நிற்கும்போது என்ன ஆகிறது என்று கேட்பாரில்லை. அந்த வயதைச் சுற்றி உலவும் சில நம்பிக்கைகளை இங்கே பார்ப்போம்.

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார். வளர வளரச் சரியாகிடும்."

பேச்சு வரலாம், ஆட்டிசம் போகாது. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே அமைந்த வேறுபாடு அது. தாயின் பாசக்குறைவால் வருவதில்லை, தடுப்பூசியாலும் வருவதில்லை. தடுப்பூசியோடு முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வதந்திக்குத்தான் இன்னும் ஆயுள் முடியவில்லை.

"எல்லாம் அடம். ரெண்டு போட்டா வழிக்கு வருவான்."

ஒரு சராசரிப் பள்ளியின் காலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். பிரேயரில் மைக் கீச்சிடுகிறது. அறுபது பேர் பெஞ்சை இழுக்கிறார்கள். டியூப்லைட் துடிக்கிறது, சட்டைக் காலரில் இருக்கும் லேபிள் கழுத்தை அறுக்கிறது, பக்கத்து டிபன் பாக்ஸிலிருந்து முட்டை வாடை. நமக்கு இவையெல்லாம் காதில் விழுந்தும் விழாத சங்கதிகள். ஆட்டிச நிலையில் இருக்கும் பலருக்கு ஒவ்வொன்றும் முழு அளவில் வந்து மோதும். மூன்றாவது பீரியடில் அப்படியொரு மாணவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால், அது அன்றைக்குத் தாங்கியதன் கடைசிக் கட்டம். அடம்பிடிக்கும் பிள்ளை கேட்டது கிடைத்ததும் அடங்கிவிடும். இவன் எதைக் கொடுத்தாலும் அடங்கமாட்டான். வேண்டியது அமைதியான ஒரு மூலை, கொஞ்ச நேரம். அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டமே தடைசெய்கிறது. பயமும் அந்தச் சுமையோடு சேர்ந்துகொள்ளும் என்பது இன்னொரு பக்கம்.

பேச்சில் வேறொரு சிக்கல்: சொன்னதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்வார்கள். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று ஆசிரியர் கேட்டால், "இல்ல மிஸ், இட்லி சாப்பிட்டேன்" என்று நிஜமாகவே பதில் வரும். வகுப்பு சிரிக்கும், திமிர் என்று ஆசிரியர் நினைப்பார். அவன் உண்மையைத்தான் சொன்னான். இடைவேளையில் அவனைச் சீண்ட ஒரு கூட்டம் சேர்வதும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

"நல்லா மார்க் எடுக்கிறாளே, இவளுக்கு என்ன ஆட்டிசம்?"

மதிப்பெண்ணுக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தமில்லை. சிலருக்கு அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருக்கும், பலருக்கு இருக்காது. சினிமா காட்டுகிற அபூர்வத் திறமையும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. குறிப்பாகப் பெண்பிள்ளைகள் தோழிகளின் சிரிப்பையும் பேச்சையும் பார்த்துப் பழகி அப்படியே நடித்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். "அமைதியான பொண்ணு" என்று பெயரும் வாங்குகிறார்கள். நாள் முழுக்க நடித்த களைப்பு வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் வெளிப்படும். இப்படிப்பட்டவர்கள் பலர் இருபது வயதுக்கு மேல்தான் கண்டறியப்படுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் மனப்பதற்றத்துக்கு மருத்துவரிடம் போகும்போது.

மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் இல்லையென்றால் எந்தச் சலுகையும் கிடையாது என்று அலுவலகங்களில் திருப்பி அனுப்புவதும் உண்டு. இடஒதுக்கீட்டுக்கு அந்த 40 வேண்டும், சரி. தேர்வு எழுத உதவியாளர் கேட்பதற்கு அது கட்டாயமில்லை என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள குடிமைப் பணித் தேர்வர் ஒருவர் தொடுத்த வழக்கு அது.

"எங்க ஸ்கூல் இவனுக்கு செட் ஆகாது, வேற இடம் பாருங்க."

அரசு நிதி பெறும் பள்ளியோ அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ அப்படிச் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16. சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

"டிகிரி வாங்கிட்டா வேலை தானா வரும்."

வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள்கூட நேர்காணலில் விழுந்துவிடுகிறார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுவதும், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற மொட்டைக் கேள்விக்கு அழகாக அளப்பதும், குழு விவாதத்தில் குறுக்கே புகுவதும் கணக்கு எழுதுகிற வேலைக்கும் மென்பொருளைச் சோதிக்கிற வேலைக்கும் எதற்கு? கேள்விகளை முன்கூட்டியே கொடுத்து, ஒரு மணி நேரம் வேலையைச் செய்துகாட்டச் சொன்னால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அதில் 1 சதவீதத்தைத்தான் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு என அத்தனை பேரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். இது போதாது.

"ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாகிடும்."

ஆகாது. ஆட்டிச நிலையாளர்களும் காதலிக்கிறார்கள், நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களாக விரும்பி, எதிர்த் தரப்புக்கும் விஷயம் தெரிந்து நடந்தால். மறைத்துச் செய்வது இரண்டு பேரையும் கிணற்றில் தள்ளுவது.

பெற்றோருக்கு ஒன்று: பதினெட்டு வயதுவரை காத்திருக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே தனியாகப் பஸ் ஏறவும், கடையில் மீதிச் சில்லறை வாங்கவும், "எனக்குச் சத்தம் ஒத்துக்காது" என்று தானே சொல்லவும் பழக்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பதினெட்டு முடிந்ததும் பெற்றோரின் காப்பாளர் அதிகாரம் சட்டப்படி முடிந்துவிடும். தானே முடிவெடுக்க இயலாத பிள்ளைகளுக்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மனு கொடுக்க வேண்டும்.