புரவலரைத் தேடும் திரை: பெண் இயக்குநரும் சுயாதீனத் திரைப்பட முயற்சியும்

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையை நம் மாணவர் நன்கு அறிவர். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனை இன்னாரிடம் செல்க என நெறிப்படுத்துவது அது. பாணர், பொருநர், கூத்தர் மட்டுமல்லர், விறலியும் ஆற்றுப்படுத்தப்பட்டாள். புறத்துறைகளுள் விறலியாற்றுப்படை என்றே ஒரு துறை உளது. இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்த ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, கவிதை எழுதத் தாளும் பேனாவும் போதும். படம் இயக்க விரும்பும் பெண்ணை யாரிடம் ஆற்றுப்படுத்துவது?" என வினவினாள். வகுப்பு நகைத்தது. எனக்கோ உடனே விடை தோன்றவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

திரைப்படம் இயக்குவது பெண்ணுக்குப் புதிய தொழில் என்பார், வரலாறு அறியாதார். இந்தியாவின் முதற்பெண் இயக்குநர் எனப்படும் ஃபாத்மா பேகம் 1926இல் 'புல்புல்-ஏ-பரிஸ்தான்' என்னும் மௌனப்படத்தை இயக்கினார். முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வில் (1931) நாயகியாகத் தோன்றிய ஜுபைதா இவர்தம் மகளே. பத்தாண்டுகள் கழித்து, 1936இல், தமிழில் டி. பி. ராஜலட்சுமி தம் நாவலைத் தழுவி 'மிஸ் கமலா'வை இயக்கினார். 1953இல் பி. பானுமதி 'சண்டிராணி'யை மூன்று மொழிகளில் இயக்கினார். இம்மூவரிடத்தும் ஓர் ஒற்றுமை நோக்கத்தக்கது. மூவரும் புகழ்பெற்ற நடிகையர். மூவருக்கும் சொந்தப் படநிறுவனம் இருந்தது. ஃபாத்மா பிலிம்ஸ், ஸ்ரீ ராஜம் டாக்கீஸ், பரணி பிக்சர்ஸ் என்பன அவை. ஆக, இயக்குநர் நாற்காலியில் அமர்வதற்கு முன் பெண் முதலாளியாகவும் வேண்டியிருந்தது. நடிப்பால் ஈட்டிய பொருளைத் தாமே முதலாக இட்டுத் தாமே இழப்புக்கும் அஞ்ச வேண்டியிருந்தது.

நடிகையும் அல்லாத, செல்வமும் இல்லாத பெண்ணின் நிலை யாது? அவளை நம்பிப் பிறர் ஒருவர் முதலிட வேண்டும். 1981இல் அபர்ணா சென்னின் முதற்படமான '36 சௌரங்கி லேன்' வெளிவந்தது. நடிகர் சசி கபூர் அதனைத் தயாரித்தார். சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது அபர்ணாவுக்குக் கிட்டியது. நல்வாய்ப்புத்தான். எனினும் ஒரு தனிமனிதரின் இரசனையை நம்பி ஒரு தலைமுறைப் பெண்கள் காத்திருத்தல் இயலுமோ?

இவ்விடத்தில் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் முயற்சியைச் சற்று விரிவாகக் காணல் தகும். 1975இல் தோன்றிய கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம், அரசின் நிதியைக் கொண்டு பெண் இயக்குநர்களின் படங்களைத் தானே தயாரிக்கும் திட்டத்தை 2019இல் கைக்கொண்டது. திரைக்கதைகளை வரவழைத்து, குழுவைக் கொண்டு தேர்ந்து, படமொன்றுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை ஒதுக்கியது. இது கடனன்று என்பதே இதன் உயிர்நாடி. படம் ஓடாவிடினும் இயக்குநரின் வீடும் நகையும் ஏலத்திற்கு வாரா. முதலில் தேர்வு பெற்றோர் தாரா ராமானுஜனும் மினி ஐ. ஜி.யும். முன்னவரின் 'நிஷித்தோ' கேரளத்தில் பிழைக்கவந்த புலம்பெயர் தொழிலாளரின் வாழ்வைப் பேசுவது. 2021ஆம் ஆண்டுக்கான மாநில விருதுகளில் இரண்டாவது சிறந்த படம் என்னும் சிறப்பை மற்றொரு படத்துடன் பகிர்ந்தது. பின்னவரின் 'டைவோர்ஸ்' மணவிலக்கை எதிர்கொள்ளும் பெண்களைப் பற்றியது. அடுத்து வந்த சுருதி சரண்யத்தின் 'பி 32 முதல் 44 வரை' பெண்ணுடல் குறித்து நாம் பேசத் தயங்குவனவற்றை ஆறு மாந்தர் வழியே பேசிற்று. சிவரஞ்சனியின் 'விக்டோரியா' ஓர் அழகு நிலையத்தின் நான்கு சுவர்களுக்குள் நிகழ்வது. அதில் நடித்த மீனாட்சி ஜெயன் 2025இல் சாங்காய் விழாவின் ஆசியப் புதுத்திறனாளர் பிரிவில் சிறந்த நடிகை விருது பெற்றார். இக்கதைகளுள் எதையேனும் கேட்டவுடன் பணப்பெட்டியைத் திறக்கும் வணிகத் தயாரிப்பாளர் எத்தனை பேர் இருப்பர்?

ஆயினும் குறை சொல்லாமல் விடலாகாது. 2021க்குரிய விருது பெற்ற 'நிஷித்தோ' திரையரங்கைக் கண்டது 2022 நவம்பரில். முதல் தொகுப்பில் தேர்வான 'டைவோர்ஸ்' 2023 பிப்ரவரியில். படம் எடுக்கப் பணம் தந்தோர், அது மக்களிடம் சேர வழிசெய்யத் தாமதித்தால் பாதி உதவியே உதவியாகிறது. சுவரொட்டிக்கும் விளம்பரத்திற்கும் தனியே பொருள் வேண்டும். பெருநடிகரின் படம் வரும் வாரத்தில் சிறுபடத்துக்குக் காலைக்காட்சி ஒன்று கிடைப்பதே அரிது. 2024 மார்ச்சில் அக்கழகம் 'சி ஸ்பேஸ்' என்னும் இணையத் திரைத்தளத்தைத் தொடங்கி, பார்க்கும் படத்துக்கு மட்டும் கட்டணம் என வகுத்தது இக்குறையை ஓரளவு உணர்ந்ததன் விளைவு எனலாம்.

உமறுப்புலவரை ஆதரித்த சீதக்காதி மறைந்தபின், அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து தாங்கியதால் சீறாப்புராணப் பணி தொடர்ந்தது என்பது மரபுவழிச் செய்தி. ஒரு புரவலரோடு நின்றிருந்தால் அக்காப்பியம் என்னவாகியிருக்கும்? பெண் இயக்குநருக்கும் இஃது பொருந்தும். முதற்படத்துக்கு அரசுத் திட்டம் உண்டு. இரண்டாம் படத்துக்கு யார்? பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' 2024இல் கான் விழாவில் கிராண்ட் பிரி விருதைப் பெற்றபோது நாடே மகிழ்ந்தது. மும்பையில் பணிபுரியும் மலையாளச் செவிலியரின் கதையாகிய அப்படத்துக்குப் பிரான்சு, நெதர்லாந்து, லக்சம்பர்க், இத்தாலி ஆகிய நாடுகளும் கூட்டுத் தயாரிப்பில் கைகொடுத்தன. நம் வீட்டுப் பிள்ளைக்குக் கடல்கடந்த புரவலர்!

பொருள் ஒன்றே ஆதரவு ஆகாது என்பதையும் பெற்றோரும் பெரியோரும் அறிதல் வேண்டும். கேரள அரசு 2017இல் அமைத்த ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியிடப்பட்டது. படப்பிடிப்புத் தளங்களில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இல்லாமையை அது எடுத்துரைத்தது. பாலியல் துன்புறுத்தல்களையும் அது விரிவாகப் பேசிற்று. இதைப் படித்த தந்தை, மகளை அனுப்ப அஞ்சுவது இயல்பே. அதற்காக வாயிலை மகளுக்கு அடைப்பதை விட, தளத்தில் கழிப்பறைக்கும் பாதுகாப்பான இரவுப் பயணத்திற்கும் செலவுத் திட்டத்தில் முதலிலேயே தொகை எழுதச் செய்வது அறிவுடைமை. உதவுவோர் இந்நிபந்தனையை உதவியோடு சேர்த்தே விதிக்கலாம்.

வினாவெழுப்பிய மாணவி அண்மையில் பன்னிரண்டு பக்கத் திரைக்கதை ஒன்றை எழுதிவந்து காட்டினாள். கடலோரத்தில் மீன் உலர்த்தும் மூதாட்டியின் ஒருநாள் வாழ்க்கை. உரையாடல்களில் சிற்சில திருத்தம் சொன்னேன். ஏழாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், 'படகு வாடகை: யாரிடம் கேட்பது?' என்று எழுதியிருந்தாள்.