எழுதுகோலும் தூரிகையும்

இங்கிலாந்தில் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்னும் அம்மையார் வாழ்ந்தார். குறும்பு முயல் ஒன்றின் கதையைத் தாமே எழுதிப் படமும் வரைந்து 1902இல் வெளியிட்டு, குழந்தைகளின் உள்ளங் கவர்ந்தவர் அவர். கைக்கு வந்த பொருளையெல்லாம் ஏரிகள் நிறைந்த நாட்டுப்புறத்தில் நிலமாக்கினார். 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தை, அதன் இயல்பு கெடாது காக்குமாறு ஓர் அறநிலையத்திற்கு எழுதிவைத்து, 1943இல் மறைந்தார்.

தமிழகத்திலும் எழுத்தும் ஓவியமும் ஒருங்கே கைவரப்பெற்ற ஒருவர் இயற்கையைக் காக்க முனைந்தார். நிலம் வாங்கும் செல்வம் அவரிடம் இல்லை. எழுதுகோலே அவர்தம் உடைமை. அவரே மா. கிருஷ்ணன்.

அவர் 1912ஆம் ஆண்டில் திருநெல்வேலியில், 'பத்மாவதி சரித்திரம்' இயற்றிய அ. மாதவையாவின் இளைய மகனாகத் தோன்றினார். தந்தையாரை 13ஆம் அகவையிலேயே இழந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்ற காலத்தில், பேராசிரியர் பைசன் செடிகொடிகளை ஆராய மலைகளுக்குச் செல்லும்போதெல்லாம் உடன் சென்றார். அவர் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியமும் கற்றார். பின்னர்ச் சட்டமும் படித்தார், அத்தொழில் நிலைக்கவில்லை. 1942 முதல் சில ஆண்டுகள் சண்டூர் சமஸ்தானத்தில் பணியாற்றிவிட்டுச் சென்னைக்கு மீண்டு, எழுத்தையும் படத்தையுமே பிழைப்பாகக் கொண்டார். எழுதிப் பிழைப்பது நம் நாட்டில் எளிதன்று.

கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் அவர் 1950இல் தொடங்கிய இயற்கைக் கட்டுரைத் தொடர், 1996இல் அவர் மறையும் வரை, 46 ஆண்டுகள் நடந்தது. யானையைப் பற்றி எழுதிய அதே கை, அணிலைப் பற்றியும் எழுதிற்று. கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் மின்கம்பியில் அமர்ந்திருக்கும் கரிச்சானையும், வரப்பில் நடைபோடும் மைனாவையும் நாம் பாராமலே கடந்துவிடுகிறோம். அவரோ அத்தகைய எளிய உயிர்களையும் நெடும்பொழுது நோக்கி நின்றார். பார்த்ததையே எழுதினார், பார்த்தவாறே வரைந்தார்.

அக்கூரிய நோக்கே அவரைக் காவலராக்கிற்று. ஒரு நிலத்தின் தொன்மையான மரஞ்செடிகளும் அவற்றை நம்பி வாழும் உயிர்களுமே அந்நிலத்தின் அடையாளம் என்பது அவர் துணிபு. நீலகிரியின் புல்வெளிகளை மூடித் தைலமரமும் சீகைமரமும் நடப்பட்டன. தழைப்பு மிகுந்தது, ஆயின் வரையாட்டிற்கு மேயப் புல் ஏது? பசுமையாய்த் தோன்றுவதெல்லாம் காடாகிவிடாது. அயல்நாட்டு மரங்களை நடும் வழக்கத்தைக் கிருஷ்ணன் ஒளிவுமறைவின்றிக் கண்டித்தார். அரசின் காட்டுயிர் வாரியத்தில் அமர்ந்தபோதும் முகத்திற்காகப் பேசியவரல்லர். அவ்வரசே அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

அவர் தமிழிலும் எழுதினார். அக்கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தொகுத்துள்ளார். பேத்தி ஒருத்திக்கென விலங்குகளைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் புனைந்த பாக்களும் தீட்டிய படங்களும் நெடுங்காலம் வீட்டிலேயே இருந்தன. அவர் மறைந்த பின்னரே நூலுருப் பெற்றன.