ஓடை மீன்களைக் கணக்கிடும் முறை

ஓர் ஓடை எத்தனை மீன்களைத் தாங்கும் என்றறியாது குஞ்சு விடுதல், புல்லின் அளவறியாது ஆடு மேய்த்தல் போன்றது. ஒருவர் கோடையிலும் மற்றொருவர் மழைக்காலத்திலும் எடுத்த கணக்குகளை ஒப்பிட இயலாது. அளக்கும் முறை ஒன்றாதல் வேண்டும்.

ஓடையில் 100 மீட்டர் நீளத்தை மேல்முனையிலும் கீழ்முனையிலும் தடுப்பு வலையால் அடைத்து, ஒரே கருவி கொண்டு, ஒரே நேர அளவில் இருமுறை பிடித்தல் வேண்டும். முதலிற் பிடித்தவற்றைத் தொட்டியிற் காத்து, இறுதியில் மீண்டும் விடலாம். முதலில் 60, அடுத்து 20 எனக் கொள்வோம். 1967-ல் சீபர், லெக்ரென் என்போர் விளக்கியவாறு, 60-ஐ 60-ஆற் பெருக்கி, வேறுபாடாகிய 40-ஆல் வகுத்தால் 90 மீன்கள். சராசரி அகலம் 3 மீட்டராயின், 100 சதுர மீட்டருக்கு 30.

இஃது இருப்புக் கணக்கே, தாங்கும் அளவன்று. அதே இடத்தில், அதே பருவத்தில், பல ஆண்டுகள் கணக்கெடுத்தல் வேண்டும். குஞ்சு மிகுதியாக விட்டும் இருப்பு எவ்வளவுக்கு மேல் உயரவில்லையோ, அதுவே அவ்வோடையின் தாங்குதிறனாகும்.