அளந்தறிய வேண்டிய நோய்

சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யச் செல்லும் என் போன்றோர்க்குத் தவணை தவறிய கடன்களின் பட்டியல் பழகிய ஒன்றாகும். சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தின் பட்டியலில், பத்தாண்டுகளாக ஒரு தவணையும் தவறாத அங்கத்தினர் ஒருவரின் பெயரைக் கண்டு வியப்புற்றேன். காரணம் அறிய அவர் இல்லம் சென்றேன். குழித்தறியில் பாதி நெய்த சேலை அப்படியே நின்றது. அவரோ வலக் கையும் வலக் காலும் செயலற்றுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். ஈராண்டுகளுக்கு முன்னர் ஒரு மருத்துவ முகாமில் அவருக்கு இரத்த அழுத்தம் மிகுதி என்று கண்டு மாத்திரை கொடுத்தனராம். மூன்று மாதங்கள் உட்கொண்டார். மறுமுறை அளந்தபோது அளவு சரியாக இருக்கவே, நோய் தீர்ந்தது என்றெண்ணி நிறுத்திவிட்டார். "உடம்பில் ஒரு நோவும் இல்லையே, ஐயா!" என்று அவர் மனைவியார் கூறியதே இப்பாடத்தை எழுதத் தூண்டியது.

இதயம் செலுத்தும் இரத்தம் குழாய்களின் சுவர்மீது கொடுக்கும் விசையே இரத்த அழுத்தம். இதயம் சுருங்கும்போது உள்ளது மேல் எண். தளரும்போது உள்ளது கீழ் எண். 120க்கும் 80க்கும் உட்பட்டிருப்பது நலம். வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் எண் 140ஐயோ, கீழ் எண் 90ஐயோ எட்டினால் அது மிகை அழுத்தமாகும். பெரும்பாலோர்க்கு இது எவ்வித நோவும் தருவதில்லை. ஆயின், மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் கெடுத்து வருகிறது. ஆகவே, அளந்து பார்ப்பதன்றி இதனை அறிய வேறு வழியில்லை.

அளக்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்தல் வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காப்பி, தேநீர், புகையிலை கூடா. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, வீடு தேடி வந்தும் அளந்து மாத்திரை வழங்குகின்றனர்.

மாத்திரை உண்ணும்போது அளவு சரியாக இருப்பது மாத்திரையின் பயனேயாகும். கஞ்சியிட்ட பாவு அறாமல் ஓடுகிறது என்பதற்காக, அடுத்த பாவுக்குக் கஞ்சி வேண்டாமென்று எந்த நெசவாளரேனும் கூறுவாரா? கரை உடையவில்லை என்பதற்காக எந்த உழவரேனும் கரையை வெட்டிவிடுவாரா? மருத்துவர் கூறாமல் மாத்திரையை நிறுத்துவதும் அத்தகையதே.

பழக்கங்களிலும் மாற்றம் வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு சிறு தேக்கரண்டி அளவே. ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இதில் அடங்கும். இவற்றை அறவே விடாவிடினும், நாள்தோறும் உண்பதைத் தவிர்க்கலாம். புகையிலையையும் மதுவையும் விடுதல் நன்று. தறியில் அமர்ந்தே உழைப்போர் இடையிடையே எழுந்து நிற்பதுடன், நாளும் அரை மணி நேரம் விரைந்து நடத்தல் நலம்.

முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ கைவைத்தியம் பார்த்துக் காலம் போக்காமல் உடனே 108க்குத் தெரிவிக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் கிடைக்கும் சிகிச்சையே பெரும்பயன் தரும்.

இவற்றை எழுதும் நானும் அதுவரை அளந்து பார்த்தவனல்லன். அன்று திரும்பிய பின்னரே அளந்தேன். 148க்கு 94 என்றிருந்தது. மறு வாரமும் அளவு குறையவில்லை. இப்பொழுது மருத்துவர் சொற்படி நடந்து வருகிறேன்.

அந்த அங்கத்தினரின் கடனுக்கு நிர்வாகக் குழு தவணையை நீட்டித்துள்ளது. எனினும், அவர் கை இன்னும் நாடாவை இயக்கும் நிலைக்கு வரவில்லை. ஆதலின், நூல் வழங்கும் நாளிலோ மாதக் கூட்டத்திலோ சுகாதாரப் பணியாளரை அழைத்து, முப்பது வயது கடந்த அங்கத்தினர் யாவர்க்கும் அளந்து பார்க்க ஒவ்வொரு சங்கமும் ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.